எஸ்தர் காபி குடித்த டம்ளர்

போனை எடுக்காத என் மகனுக்கு,

முதலில் ஒரு அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷமாக நான் புடவை விரித்துப் போடும் காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் போன மாதம் ஒரு எவர்சில்வர் டம்ளர் காணாமல் போனது. வாடிக்கையாளர்களுக்குக் காபி கொடுக்கும் டம்ளர். அதைக் கழுவி அடுக்கும் அலமேலு அக்கா இரண்டு நாள் கடையையே புரட்டிப் போட்டார். மெத்தை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார், ரவிக்கைத் துணி ரேக்குக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் கூடவே குனிந்து தேடினேன். யாராவது பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள், இந்தக் காலத்து ஜனங்களை நம்ப முடியாது என்று ஆறுதல் வேறு சொன்னேன். அதை எடுத்தவன் நான்தான். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய்க் கடைக்குப் பின்னால் இருக்கும் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு சோப்புப் போட்டு நான்கு முறை கை கழுவினேன். ஏனென்றால் அதில் எஸ்தர் காபி குடித்திருந்தாள். வேறு எந்த எஸ்தரும் இல்லை, உனக்கு நிச்சயம் செய்திருக்கும் எஸ்தர்தான்.

இதை உனக்குத் தனியாக அனுப்பவில்லை. தனியாக அனுப்பியதற்கெல்லாம் இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் விழவில்லை. அதனால் நம் குடும்ப வாட்ஸப் குரூப்பிலேயே போடுகிறேன். உன் அத்தை படிக்கட்டும். தினமும் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்' அனுப்புவதைத் தொழிலாக வைத்திருக்கும் உன் சித்தப்பாவும் ஒரு நாளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கட்டும். எஸ்தரிடம் கேட்டுவிட்டேன். பெயரைப் போடாமல் எழுதுகிறேன் என்றேன். அவள் சொன்னது இது: "பேரைப் போட்டே எழுதுங்க மாமா. எல்லாருக்கும்தான் தெரிஞ்சிருக்குதே. தப்பா தெரிஞ்சிருக்குது, சரியா தெரியட்டும்." இந்தப் பெண்ணுக்கு இருக்கும் முதுகெலும்பில் பாதி நம் வீட்டு ஆண்களுக்கு இருந்திருந்தால் நான் இப்படி விரல் நோகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அன்றைக்குக் கடையில் என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது, உனக்கு ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட். சர்ச்சில் அவள் கட்டப்போகும் புடவையைத் தறியில் போட்டு நெய்துதான் வாங்கவேண்டும் என்பது என் பிடிவாதம். முப்பது வருஷம் பட்டு விற்றவன் தன் மகன் கல்யாணத்துக்கு ரேக்கில் கிடப்பதை உருவிக்கொண்டு போனால் கடைத்தெரு சிரிக்கும். அதனால்தான் கல்யாணத்துக்கு ஏழு மாதம் இருக்கும்போதே நிறமும் பார்டரும் பார்க்க வரச் சொன்னேன். எஸ்தரும் அவள் அம்மாவும் வந்தார்கள், கூட உன் அம்மாவும். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெண்கள் தங்கள் மேல் போட்டுப் பார்க்க வெட்கப்பட்டால், விற்பவன் தன் தோளில் போட்டுக் காட்டவேண்டும். கன்னத்தில் தாடி முள் இருந்தால் பட்டு இழை மாட்டி இழுத்துக்கொள்ளும். அதற்காகப் பழைய முதலாளி தினமும் கடை திறப்பதற்கு முன் எங்களை வரிசையில் நிற்க வைத்து, ஒரு பட்டுத் துண்டை ஒவ்வொருவன் கன்னத்திலும் மேலிருந்து கீழே இழுப்பார். மாட்டினால் திரும்பப் போய் ஷேவ் பண்ணிக்கொண்டு வரவேண்டும். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடைக்குப் பின்னால் ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஒரே ரேசர். பிளேடு மழுங்கினால் கண்ணாடி டம்ளருக்குள் விட்டு வட்டமாகத் தேய்த்துத் தீட்டிக்கொள்வோம். வெட்டுப்பட்டால் ஆறு பேருக்கும் ஒரே படிகாரக் கட்டி. காஞ்சிபுரத்திலேயே வழுவழுப்பான ஆறு முகங்கள் எங்களுடையவைதான் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எஸ்தர் பேச வந்தபோதும் நான் அப்படிப்பட்ட ஒரு முகத்தோடு, சந்தன நிறப் பட்டை முந்தானை தொங்கத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மணப்பெண் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

உன் அம்மாவும் அவள் அம்மாவும் மறுகோடியில் உட்கார்ந்து மயில் பார்டரா, யானை பார்டரா என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் காபி டம்ளரோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். "மாமா, இத மடிச்சு வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள். நிறம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். "காலேஜ்ல ரத்தம் குடுக்கப் போனப்ப தெரிஞ்சது மாமா. எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்குது. கல்லீரல்ல உக்காந்துக்கற வைரஸ். பொறக்கும்போதே அம்மாகிட்டருந்து வந்திருக்கும்னாங்க. இப்ப ஒரு தொந்தரவும் இல்ல, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ செக்கப் போறேன். அவருகிட்ட நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். வீட்ல நான் சொல்லிக்கிறேன்னாரு. நீங்க இப்படி சிரிச்சுக்கினு நிக்கறதப் பார்த்தா, சொல்லலைன்னு தெரியுது."

ஆமாம்டா. நீ சொல்லவில்லை. உன் அப்பன் புடவை கட்டிக்கொண்டு நிற்கும்போது அந்தப் பெண் தானே சொல்லவேண்டியதாகிவிட்டது. அதைவிடக் கேவலம், நான் பதிலுக்குச் சொன்னதுதான். "காமாலைதானேமா" என்று ஆரம்பித்தேன். அறையில் இருந்த காலத்தில் எனக்கு ஒரு தடவை கண்ணெல்லாம் மஞ்சளாகிப்போய், ஒரு மாதம் ரொட்டியும் மோருமாகக் கிடந்து, கீழாநெல்லி அரைத்துக் குடித்து எழுந்த கதை உனக்கு மனப்பாடம். அன்றிலிருந்து நம் குடும்பத்தில் காமாலை டிபார்ட்மென்ட் என் கையில். எஸ்தருக்கும் கீழாநெல்லி அரைத்துத் தருகிறேன், நாற்பது நாளில் ஓடிவிடும் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஏனாத்தூரில் காலேஜ் நூலகத்தில் வேலை செய்கிறாள் அல்லவா, தப்பான அலமாரியில் செருகிய புத்தகத்தை எடுத்துச் சரியான இடத்தில் வைப்பதுபோல் பேசினாள். காமாலை என்பது அறிகுறிதான், நோயின் பெயர் இல்லை. கெட்ட தண்ணீரால் வருவது ஒன்று, இது வேறு. இது ரத்தத்தில் பரவும். சுத்தம் செய்யாத ஊசி, பச்சை குத்துகிற ஊசி, காது குத்துகிற ஊசி, ஒருத்தர் ரேசரை இன்னொருத்தர் எடுப்பது, கணவன் மனைவி உறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு. சேர்ந்து சாப்பிட்டால் வராது, இருமினால் வராது, கட்டிப் பிடித்தால் வராது, டம்ளரால் வராது. எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று சொன்னாள்: இது வராமல் தடுக்க ஊசி இருக்கிறது, மூன்று தடவை போட்டுக்கொண்டால் போதும், அவளோடு வாழப்போகிறவன் பயப்பட ஒன்றுமில்லை. சொல்லி முடித்து, காபியைக் குடித்து முடித்து, டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டு, மயிலா யானையா என்று தீர்ப்புச் சொல்லப் போனாள். அவள் சொன்னது அத்தனையும் என் காது கேட்டது. கை மட்டும் கேட்கவில்லை. அதுதான் டம்ளர் கதை.

ஆனாலும் மூன்றாம் நாள் உன்னையும் உன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேனா இல்லையா. வீட்டில் எல்லாரும் முதலில் ரத்தம் பாருங்கள், இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். மூன்று பேருக்கும் வைரஸ் இல்லை என்று வந்தது. முதல் ஊசிக்கு நான்தான் முதலில் சட்டைக் கையை மடித்தேன், குடும்பத் தலைவன் அல்லவா. அப்புறம் நடந்ததற்கு நீ சாட்சி. கண் திறந்தபோது நான் தரையில் கிடந்தேன். நர்ஸம்மா குனிந்து, "சார், ஊசி இன்னும் போடவே இல்ல, பஞ்சுதான் வச்சேன்" என்றார். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். சிரித்துக்கொண்டே உன் கையை நீட்டி, பார்க்கக்கூட இல்லாமல், போட்டுக்கொண்டு எழுந்தாய். அந்தச் சிரிப்புதான் நான் கடைசியாகக் கேட்டது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் நீ சிரிக்கவில்லை.

சிரிப்பு எங்கே போயிற்று என்றும் எனக்குத் தெரியும். உன் சாரா அத்தைக்கு இந்த விஷயம் எப்படித் தெரிந்தது என்று நீ உன் அம்மா மேல் சந்தேகப்பட்டாய். பாவம், அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னவன் நான். என் வாயில் ஒரு சேதி ஒரு ராத்திரி தங்கி நீ பார்த்திருக்கிறாயா. 'உனக்கு மட்டும்தான்க்கா சொல்றேன்' என்று போனில் சொன்னேன். அக்காவும் 'உனக்கு மட்டும்தான்' என்று தன் ஊர் திருப்புட்குழியில் ஒவ்வொரு வீடாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிவதற்குள், நமக்கே தெரியாத புது வியாதிகள் நாலைந்து எஸ்தர் பெயரில் சேர்ந்திருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை நினைத்துப் பார். எஸ்தரும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் தட்டு வைத்து, எஸ்தருக்கு முன்னால் மட்டும் உன் அத்தை ஒரு பேப்பர் தட்டும் பேப்பர் கப்பும் வைத்தாள். கைப்பையில் கொண்டுவந்திருக்கிறாள், யோசித்துப் பார். எஸ்தர் அதைப் பார்த்தாள். பிறகு உன்னைப் பார்த்தாள். நீ உன் தட்டைப் பார்த்தாய். அத்தை, யாரையும் குற்றம் சொல்லவில்லை என்ற முன்னுரையோடு, எல்லார் முன்னாலும் சொன்னாள்: "நாளைக்கு நம்ம புள்ளைக்கு ஒரு கொழந்த பொறந்து, அதுக்கும் இந்த ரத்தம் வந்துச்சுன்னா யாரு தம்பி பதில் சொல்றது? கொஞ்ச நாள் தள்ளிப் போடேன். தள்ளிப் போட்டா தானா போயிடும்." எது தானாகப் போய்விடும், வைரஸா, பெண்ணா என்று அவள் சொல்லவில்லை.

எனக்கு அப்போது ஒரு வீரம் வந்தது. "பாவு ஏத்தியாச்சுக்கா. தறியில ஏறினத இனிமே இறக்க முடியாது" என்றேன். வாயில் வந்த பச்சைப் பொய். அன்றைக்குப் பாவு நூல் சாயத்துக்குக்கூடப் போகவில்லை. மறுநாள் காலை விடிந்ததும் பிள்ளையார்பாளையத்துக்கு ஓடி, நெசவாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மற்ற எல்லா வேலையையும் தள்ளி வைத்து என் பொய்யை உண்மையாக்கச் சொன்னேன். இப்போது அது தறியில்தான் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள். அதோடு விட்டேனா. பேப்பர் கப்பைக் கசக்கி எறிந்துவிட்டு, என் சொந்த டம்ளரில் எஸ்தருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, அவள் குடித்து மிச்சம் வைத்ததை எல்லாரும் பார்க்க வாங்கி மடக் மடக்கென்று குடித்தேன். கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். எஸ்தர் மெதுவாக, "மாமா, எனக்கு ஜலதோஷம் புடிச்சிருக்குது" என்றாள். மறுநாளிலிருந்து மூன்று நாள் எனக்கு மூக்கு ஒழுகியது. உன் அத்தை மூன்று நாளும் போன் பண்ணி, "ஆரம்பிச்சிடுச்சா?" என்று விசாரித்தாள்.

அன்று சாயங்கால பஸ்ஸில் நீ ஒரகடத்து ரூமுக்குப் போனாய். புதன்கிழமை போன் செய்தாய். "பா, கொழந்தைக்கு வந்துச்சுன்னா?" என்று கேட்டாய். முதல் தடவையாக என்னிடம் ஆம்பளையாக ஒரு கேள்வி கேட்டாய், நான் என்ன செய்தேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே 'கொழந்தைக்கு ஜலதோஷம்தான் வரும்' என்று ஜோக் அடித்தேன். நீ வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் தப்பான ஜோக் அடித்திருக்கிறேன், அதற்காக இதுவரை வருத்தப்பட்டதில்லை. இதற்கு வருத்தப்படுகிறேன். இப்போது கேள்விக்குப் பதில் சொல்கிறேன், கேள்.

டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன். கர்ப்பமாக இருக்கும்போது எஸ்தரின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்களாம். அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் அவளுக்கு மாத்திரை. பிள்ளை பிறந்ததும், அந்த ஒரு நாளைக்குள்ளேயே, எத்தனை சீக்கிரம் முடியுமோ அத்தனை சீக்கிரம், பிள்ளைக்குத் தடுப்பூசி. அம்மாவுக்கு இருப்பது தெரிந்தால் அதோடு இன்னொரு ஊசியும். அப்புறம் மற்றக் குழந்தைகளைப் போல அட்டவணைப்படி மிச்ச ஊசிகள். இப்படிச் செய்தால் பெரும்பாலும் வராது என்கிறார். நூற்றுக்கு நூறு என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். நீ பிறந்தபோது யாரும் எனக்கு நூற்றுக்கு நூறு என்று எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் இதைக் கேள்: எஸ்தர் பிறந்த அன்று அவள் அம்மாவுக்கு இருப்பது யாருக்கும் தெரியாது. ஒரு ஊசி போட்டிருந்தால் அவளுக்கே வந்திருக்காது. ரத்தம் கெட்டது என்று உன் அத்தை சொல்கிறாளே, கெட்டது ரத்தமில்லை. அந்த ஒரு நாள் ஊசி இல்லாமல் போனதுதான் கெட்டது.

உன் விஷயத்தில் அந்தச் சாக்குக்கூட எனக்குக் கிடையாது. நீ பிறந்தபோது இது சர்க்கார் அட்டவணையில் இல்லை, சரி. ஆனால் நீ ஏழாவது படிக்கும்போது உன் ஸ்கூலில் இதே ஊசிக்கு முகாம் வைத்தார்கள். பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு படிவம் கொடுத்து அனுப்பினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. 'நம்ம வீட்ல கீழாநெல்லி இருக்குது, ஊசி எதுக்கு' என்று உன்னை அனுப்பிவிட்டேன். உண்மையான காரணம், பிள்ளைக்கு ஊசி போட்டால் அப்பாக்களுக்கும் போடுவார்களோ என்று எனக்குப் பயம். அன்றைக்கு மற்றப் பிள்ளைகளெல்லாம் கையைத் தேய்த்துக்கொண்டு வகுப்புக்குப் போக, கையெழுத்து இல்லாத மூன்று பேரில் ஒருவனாக நீ வராண்டாவில் நின்றாயாம். சாயங்காலம் வந்து, எல்லாருக்கும் வலித்தது எனக்கு மட்டும் வலிக்கவில்லை என்று வருத்தமாகச் சொன்னாய். நான் அதையும் கடையில் போய் ஜோக்காகச் சொன்னேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது ஜோக் இல்லை. அறையில் இருந்த ஆறு பேரில் துரை என்று ஒருவன், உனக்கு ஞாபகம் இருக்கும், சின்ன வயதில் உனக்கு ரப்பர் பந்து வாங்கிக் கொடுப்பான். சோடா குடித்தால்கூட ஏப்பத்துக்கு வெட்கப்படுகிற ஆள். நாற்பத்தைந்து வயதில் வயிறு வீங்கி, கால் வீங்கி, கல்லீரல் போய்விட்டது என்று சொல்லி, இரண்டு பெண் பிள்ளைகளை விட்டுவிட்டுச் செத்தான். கல்லீரல் போனவன் குடித்திருக்கவேண்டும், இல்லையா. சாவு வீட்டிலேயே பேச்சு ஆரம்பித்தது. ரவிக்கைத் துணி ரேக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்த பிராந்தி பாட்டிலைப் பார்த்ததாக ஒருவன் விவரமாகச் சொன்னான். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த ஒருவன் நான். பாட்டிலை நான் பார்க்கவில்லை. கதைக்கு ஒரு பாட்டில் தேவைப்பட்டது, வைத்தேன். துரையின் மனைவி காதுக்கும் அது போயிற்று. அவனுக்கு என்ன வியாதி இருந்தது என்று இனி யாராலும் சொல்லமுடியாது, யாரும் ரத்தம் பார்க்கவில்லை. ஆனால் ஒரு சொட்டுக் குடிக்காதவனுக்கும், எந்த வலியும் காட்டாமல் வருஷக்கணக்கில் உள்ளே உட்கார்ந்திருந்து கல்லீரலைத் தின்றுவிடும் வைரஸ் ஒன்று உண்டு என்று எஸ்தர் சொன்னபோது, எனக்குத் துரையின் வீங்கின கால்தான் கண்ணில் வந்தது. அவன் குடித்தான் என்பது பொய். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும், கதை கட்டினவன் நானல்லவா. வாழ்நாள் முழுக்க ஊரைப் பற்றிப் பேசிப் பிழைத்தவன் சொல்கிறேன்: இந்த வியாதி பரவ ரத்தம் வேண்டும், இந்த வியாதியைப் பற்றிய பொய் பரவ என்னைப் போல் ஒரு வாய் போதும்.

அதனால் இனிமேல் நான் பேசுவதை இந்தக் குரூப்பே கேட்டுக்கொள்ளட்டும். எஸ்தர் நம் வீட்டுக்கு வருகிறாள். பேப்பர் கப்போடு வருகிறவர்கள் அதை வாசலிலேயே வைத்துவிட்டு வரலாம். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறவர்களின் பிரியாணியை நானே சாப்பிட்டுக்கொள்கிறேன், எனக்கு அந்தத் திராணி இருக்கிறது. பந்தலில் பின்வரிசையில் உட்கார்ந்து பெண்ணைப் பற்றிக் குசுகுசுக்க நினைக்கிறவர்கள் மறந்துவிட வேண்டாம், அந்தக் கலையில் இந்தக் குடும்பத்தின் வாத்தியார் நான். உங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் என்னிடம் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அப்புறம், சாரா அக்கா, நீ திருவிழாவில் போன வருஷம் கையில் சிலுவை பச்சை குத்திக்கொண்டாயே, அதே ஊசியை உனக்கு முன்னால் எத்தனை கையில் குத்தினான் என்று கேட்டாயா. கேட்டிருக்கமாட்டாய். போய் ரத்தம் பார்த்துக்கொள். இல்லை என்று வந்தால் ஊசி போட்டுக்கொள். இருக்கிறது என்று வந்தாலும் பயப்படாதே, உனக்கு முன்னால் பேப்பர் கப் வைக்க என்னால் முடியாது. தம்பி, நீயும்தான். ரோஜாப்பூவால் கல்லீரலைக் காப்பாற்ற முடியாது.

உனக்கு மட்டும் இது. அவளை வேண்டாம் என்று சொல்ல உனக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். அவள் சத்தமாகச் சிரிப்பது பிடிக்காமல் இருக்கலாம், அவள் வைக்கிற குழம்பு பிடிக்காமல் இருக்கலாம், என்னைப்போல ஒரு மாமனாரை அவள் தலையில் கட்ட உனக்கு மனசு வராமல் இருக்கலாம். அதையெல்லாம் சொல்லி வேண்டாம் என்று சொல், நான் வாயை மூடிக்கொள்கிறேன். இந்த ஒரு காரணத்தை மட்டும் சொல்லாதே. மற்ற எதற்கும் ஊசி கிடையாது. இதற்கு இருக்கிறது. இருக்கிற ஊசியைப் போட்டுக்கொள்ளாமல், இல்லாத டம்ளருக்குப் பயந்து, மூன்று வார்த்தை பேசவேண்டிய இடத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று நாளைக்கு உன் பிள்ளையிடம், எவள் வயிற்றில் பிறந்தாலும் சரி, சொல்லிக்கொள்ள முடியுமா பார். இரண்டாவது ஊசி நாள் தாண்டிவிட்டதே என்று யோசிக்காதே. விட்ட இடத்திலிருந்து போடலாம், மறுபடி முதலிலிருந்து வேண்டாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன். இந்த வாரம் போட்டால் மூன்றாவது ஊசியும் கல்யாணத்துக்கு முன்னால் ஒழுங்காக விழும். எஸ்தர் உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. உன் ஊசி அட்டை அவளிடம்தான் இருக்கிறது, கைப்பையில் வைத்திருக்கிறாள். அதில் ஒரு கட்டம்தான் நிரம்பியிருக்கிறது.

இதுவரைக்கும் நேற்று எழுதியது. எழுதி முடித்து, நீட்டி முழக்கிவிட்டேனே என்று நானே மெச்சிக்கொண்டு, இன்று அனுப்பலாம் என்று வைத்திருந்தேன். இன்று காலை ஒரு விஷயம் நடந்துவிட்டது. போன சனிக்கிழமை என் இரண்டாவது ஊசிக்குப் போயிருந்தேன், தனியாக. பயத்தில், ஊசியைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட டாக்டரிடம் வாயைக் கொடுத்தேன். ஆறு பேர் ஒரு ரேசர், பட்டுத் துண்டால் கன்னம் பார்த்தது, கண் மஞ்சளானது, கீழாநெல்லி, எல்லாக் கதையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். பேனாவை எடுத்து வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். இன்று காலை கூப்பிட்டார். "இது உங்களுக்கு எப்பவோ வந்து, தானா சரியாயிருக்குது சார். இப்ப நீங்க யாருக்கும் குடுக்க முடியாது. உங்களுக்கு ஊசியே தேவையில்ல" என்றார். நான் பஞ்சுக்கு மயங்கி விழுந்ததுகூட வீண். இந்த வீட்டில் இது முதலில் வந்தது எனக்குத்தான். கீழாநெல்லி பாவம், அது ஒன்றும் செய்யவில்லை, பெயரை மட்டும் வாங்கிக்கொண்டது. உன் அம்மாவுக்கும் உனக்கும் இல்லை என்பது ஏற்கெனவே பார்த்தாயிற்று, அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேலே எழுதியதில் ஒரு எழுத்தையும் அழிக்கப்போவதில்லை. டம்ளர் வாங்கி அலமேலு அக்காவிடம் கொடுத்து, நடந்ததையும் சொல்லிவிட்டேன். நீ ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிளினிக்குக்கு வந்துவிடு, எஸ்தர் அட்டையோடு அங்கே இருப்பாள். எனக்கு இனி ஊசி இல்லை, ஆனாலும் வருகிறேன்.

ஒன்று பாக்கி. ஆறு பேர் இருந்த அந்த அறையில் சீனியர் நான்தான். காலையில் ரேசர் முதலில் என் கைக்கு வரும். என்னிடமிருந்து வாங்கிக்கொள்கிறவன் துரை.

உன் அப்பன்